பல்கனியில் குருவிக்குத் தீனித் தட்டு: உதவியா, உபத்திரவமா?

9 பெப்ரவரி 2025, வாசகர் கேள்வி

வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் நாலாம் மாடியில் இருக்கிறோம். அம்மா பல்கனியில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் சோறும் பாணும் வைக்கிறா. காகம், மைனா, புறா, அணில் எல்லாம் வருகின்றன, எப்போதாவது ஒரு கொண்டைக்குருவியும் வரும். ரொறன்ரோவில் இருக்கும் மாமா, அங்கே எல்லா வீட்டிலும் வைப்பார்கள், பறவைகளுக்கு நல்லது என்கிறார். பக்கத்து வீட்டு அன்ரி, நோய் பரவும், நிறுத்துங்கள் என்கிறா. யார் சொல்வது சரி?

9 பெப்ரவரி, இரவு

மாமா சொல்வது ரொறன்ரோவுக்குச் சரி. கொழும்புக்கு அதை அப்படியே எடுக்க முடியாது. நாள் முழுக்க சோறும் பாணும் கிடக்கும் தட்டால் சின்னக் குருவிகளுக்குக் கிடைப்பது மிகக் குறைவு, காகத்துக்கும் மாடப்புறாவுக்கும் மைனாவுக்கும் கிடைப்பதுதான் அதிகம். இந்த மூன்றுக்கும் இந்த நகரத்தில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. காலி வீதியில் இரவு வைத்த குப்பைப் பையை விடியற்காலையில் போய்ப் பார்த்தால் தெரியும்.

ஆனால் அம்மாவை உடனே நிறுத்தச் சொல்லாதீர்கள். அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஆறுதலாக எழுதுகிறேன்.

10 பெப்ரவரி

ரொறன்ரோ விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் கறுப்புத் தலைச் சிக்கடீ என்ற சிறு குருவியை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 1988 இல் வெளியானது. தீனி கிடைத்த இடத்துக் குருவிகளில் 100 க்கு 69 குளிர்காலத்தைத் தாண்டின, தீனி இல்லாத இடத்தில் 37 மட்டுமே. வித்தியாசம் முழுவதும் கடுங்குளிர் மாதங்களில்தான் வந்தது. எல்லாம் உறைந்து, பகல் குறுகி, சிறு உடம்பு இரவு முழுக்கச் சூட்டைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் ஒரு கைப்பிடி சூரியகாந்தி விதை உயிரைக் காக்கும். அதே சிக்கடீயும் ரொறன்ரோவில் இருக்கிறது, ஆகவே மாமா தாராளமாக வைக்கட்டும்.

கொழும்பில் அந்த இரவு வருவதே இல்லை. நாங்கள் இருப்பது வடக்கே 7 பாகைக்கும் சற்றுக் குறைவான இடத்தில். தையிலும் ஆடியிலும் பகல் கிட்டத்தட்ட ஒரே நீளம், சராசரி வெப்பம் 27, 28 பாகையை விட்டு அதிகம் அசையாது, பூச்சியும் பழமும் பூவும் வருடம் முழுக்க எங்கேயாவது இருக்கும். தீனி வைப்பதன் மிகப் பெரிய நன்மை எதுவோ அந்த நன்மைக்கு இங்கே தேவையே எழுவதில்லை. அதன் தீமைகளோ இங்கே இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கின்றன.

10 பெப்ரவரி, பிறகு

ஒருவர் தனியாகக் கேட்டார்: பழக்கிவிட்டு நிறுத்தினால் அவை பட்டினி கிடந்து செத்துவிடாதா? சாகாது. அதே விஸ்கொன்சின் ஆய்வாளர்கள் பிறகு, வருடக்கணக்கில் தட்டு இருந்த இடத்தில் அதை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அந்தக் குருவிகளும், தட்டையே காணாத குருவிகளும் ஒரே அளவில் குளிரைத் தாண்டின. பனியிலேயே சமாளித்தவை என்றால் வெள்ளவத்தையில் ஏன் சமாளிக்காது? நிறுத்த விரும்புகிறவர்கள் இந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

15 பெப்ரவரி

இனி அன்ரி சொன்ன நோய். இதை அலட்சியமாக எடுக்கவே கூடாது, ஏனென்றால் இதில் கை சுட்டுக்கொண்ட நாடுகள் இருக்கின்றன.

பிரித்தானியாவில் கிரீன்ஃபிஞ்ச் என்று ஒரு பச்சைக் குருவி. தோட்டத் தட்டுகளில் வழக்கமாக வருவது. 2005 இல் அதில் ஒரு தொண்டை நோய் தென்பட்டு 2006 இல் பெரிதாக வெடித்தது. டிரைகோமோனாஸ் என்ற ஒற்றைக்கல ஒட்டுண்ணிதான் காரணம், உலகம் முழுவதும் புறாக்களிடம் இருப்பது அது. தொண்டையில் புண் வந்து விழுங்க முடியாமல், எச்சில் வடிய, இறகைச் சிலிர்த்துக்கொண்டு தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து சாகும். விழுங்க முடியாததைத் தட்டிலேயே கக்கும், அந்த ஈர விதையை அடுத்த குருவி எடுக்கும். அங்கே சுமார் 43 இலட்சமாக இருந்த கிரீன்ஃபிஞ்ச் 2009 ஆகும்போது 28 இலட்சத்துக்கு இறங்கிவிட்டது. பறவைகளை நேசித்து விதை வாங்கி வைத்த மனிதர்களின் முற்றங்களில் நடந்தது இது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அமெரிக்காவில் 1994 இல் தலைநகர் வாஷிங்டன் பக்கம் ஹவுஸ்ஃபிஞ்ச் என்ற குருவிகளின் கண் வீங்கி மூடத் தொடங்கியது. கோழிகளில் காணப்படும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா. சில வருடங்களில் கிழக்குப் பகுதி முழுவதும் பரவியது. தீனிக்காகத் தொங்கவிடும் விதைக் குழாயின் துவாரத்துக்குள் ஒவ்வொரு குருவியாகத் தலையை நுழைத்து எடுக்கும்போது வீங்கிய கண் அந்த விளிம்பில் உரசும், அடுத்ததின் கண்ணும் அதே விளிம்பில்தான் உரசும்.

2025 ஜனவரியில் பிரித்தானியாவின் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.பி. தட்டையான தீனி மேசைகளை விற்பதை நிறுத்தி வைத்தது. பல காலமாக மக்களைத் தீனி வைக்கச் சொல்லி ஊக்குவித்த சங்கம் அது. அம்மா வைத்திருக்கும் பிளாஸ்டிக் தட்டும் தட்டையானதுதான் என்பதைக் கவனியுங்கள். உணவும் எச்சிலும் எச்சமும் ஒரே பரப்பில் சேர்வது அதில்தான்.

16 பெப்ரவரி

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்து வாசியுங்கள். அந்த டிரைகோமோனாஸ் காய்ந்தால் நிலைக்காது, ஈரம் இருந்தால்தான் ஆபத்து. கொழும்பில் எது காய்கிறது? மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் துவைத்த உடுப்பே இரண்டு நாள் கிடக்கும். வேகவைத்த சோறு இந்தச் சூட்டில் பகலுக்குள் புளித்துவிடும். பாண் ஈரப்பட்டால் அடுத்த நாள் பூசணம். கச்சான் கொட்டையும் சோளமும் புழுக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமலே பூசணம் பிடித்து அஃப்லாடொக்சின் என்ற நஞ்சைச் சேர்க்கும், அது குருவியின் ஈரலைத் தாக்கும். கடையில் மூட்டையின் அடியிலிருந்து மலிவாக அள்ளித்தரும் கச்சானை வாங்கி வைக்கவே வைக்காதீர்கள். மனிதன் சாப்பிடத் தயங்குவது குருவிக்கும் வேண்டாம். மிக்சர், உப்புப் போட்ட கடலை, பொரித்த அப்பளத் துண்டு, இவையும் வேண்டாம்.

18 பெப்ரவரி

எலி. இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டியது. நாலாம் மாடியில் சிந்தும் சோறு கீழ்மாடிக் கூரையிலோ கானிலோ விழும். இரவில் அது எலிக்கு. எலி இருந்தால் எலிக்காய்ச்சல், மழைத் தண்ணீரோடு அதன் மூத்திரம் கலந்தால் போதும். அத்தோடு ஏசிப் பெட்டிக்குப் பின்னால் புறா கூடு கட்டி, அந்த எச்சம் காய்ந்து தூசியாகி மூச்சில் போவது வயதானவர்களுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் நல்லதே இல்லை. தொடர்மாடிகளில் சண்டை வருவதும் இதனால்தான். கீழ்வீட்டுக்காரர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

23 பெப்ரவரி

நியூசிலாந்தில் ஒக்லாந்து நகரத்தில் ஒரு நல்ல சோதனை நடந்தது, 2015 இல் வெளியானது. வீட்டுத் தோட்டங்களில் 18 மாதம் பாணும் தானியமும் வைத்தார்கள், வேறு தோட்டங்களில் ஒன்றும் வைக்கவில்லை. வைத்த தோட்டங்களில் சிட்டுக்குருவியும் புள்ளிப்புறாவும் பெருகின. இரண்டும் அந்த நாட்டுக்கு வெளியிலிருந்து கொண்டுபோனவை. பூச்சி தின்னும் அந்த மண்ணின் சாம்பல் வார்பிளர் என்ற சிறு குருவி குறைந்தது. அது தட்டுக்கு வரவே வராது, வராததுதான் நட்டப்பட்டது.

நாங்கள் தட்டில் வந்திருப்பதை மட்டும் எண்ணிச் சந்தோஷப்படுகிறோம். தட்டுக்கு வராத பறவைக்கு என்ன நடக்கிறது என்று யார் பார்ப்பது? கொழும்பில் தையல்காரக் குருவி, தேன்சிட்டு, மாங்குயில், குண்டுக்கரிச்சான், இவற்றில் ஒன்றாவது சோற்றுத் தட்டில் தங்கிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சிட்டுக்குருவியும் புள்ளிப்புறாவும் இங்கே எங்கள் மண்ணின் பறவைகள், ஆகவே ஒக்லாந்துக் கதையை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனால் தட்டு எப்போதும் ஒரு பக்கத்துக்குத்தான் சாய்கிறது என்ற விஷயம் பொருந்தும்.

2 மார்ச்

இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. எங்கள் தொடர்மாடியில் இரண்டாம் மாடியில் தொங்கும் பூச்சாடி ஒன்றில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. வீட்டுக்காரப் பிள்ளைகள் யன்னலை மூடி, திரையைப் பாதி இழுத்து, சத்தம் போடாமல் நடந்து, அந்தக் கூட்டைப் பொத்திப் பொத்திக் காத்தார்கள். நேர் மேல் மாடியில் தினமும் சோறு வைப்பார்கள், காகங்கள் அந்தக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து தங்கள் நேரத்துக்குக் காத்திருக்கும். காகத்துக்குச் சும்மா காத்திருக்கத் தெரியாது, காத்திருக்கும் நேரத்தில் சுற்றிலும் எல்லாவற்றையும் கவனிக்கும். குஞ்சு பொரித்து வாய் திறந்து கத்தத் தொடங்கியதும் ஒரு காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. தாயும் தகப்பனும் பிறகும் புழுவை வாயில் வைத்துக்கொண்டு வந்து வந்து போயின. பிள்ளைகள் அழுதார்கள்.

மேல் மாடிக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் மனதாரத் தருமம் செய்கிறார்கள். காகத்துக்கும் அது இயல்பு. ஆனால் தினமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் காகங்களைக் கூட்டினால் அந்த இடத்தைச் சுற்றியுள்ள கூடுகளுக்கு நாங்களே காவல்காரனை அகற்றித் திருடனைக் காவலுக்கு வைக்கிறோம்.

3 மார்ச்

பூனையும் அப்படித்தான். தரையில் தானியம் தூவினால் புலுனிக் கூட்டம் கீழே இறங்கும், மதிலுக்குப் பின்னால் பூனை இருக்கும். தூவுவதென்றால் சுற்றிவரப் பற்றை இல்லாத வெளியில் தூவுங்கள்.

6 மார்ச்

காகத்தின் மேல் எனக்கு வெறுப்பு என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இல்லவே இல்லை. காகம் இல்லையென்றால் குயில் இல்லை, குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில்தான் இடுகிறது. வெள்ளவத்தைக் கடற்கரை ரயில் பாதைப் பக்கம் மாலை நேரம் காகங்கள் விளையாடுவதைப் பார்த்தால் அவற்றின் மூளைக்கு மரியாதை வரும். நான் சொல்வது எண்ணிக்கையைப் பற்றி. ஒரு நகரம் எவ்வளவு சாப்பாட்டை வெளியில் எறிகிறதோ அவ்வளவு காகம் அங்கே இருக்கும். அதற்கு மேலும் கூட்டத் தேவையில்லை.

20 மார்ச்

இன்று உலகச் சிட்டுக்குருவி தினம், 2010 இலிருந்து கொண்டாடுகிறார்கள். காலையிலிருந்து எல்லோரும் ஒரு கிண்ணம் தானியமும் ஒரு படமும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சிட்டுக்குருவிக்காகத் தானியம் வைப்பதை நான் எதிர்க்க மாட்டேன். மற்றத் தீனிகளைவிட இதற்கு நியாயம் அதிகம், ஏனென்றால் அது மனிதனோடு ஒட்டி வாழ்ந்த பறவை, முற்றத்தில் புடைத்த நெல்லையும் குரக்கனையும் நம்பி வாழ்ந்தது. புறக்கோட்டை அரிசி மண்டிப் பக்கம் இன்னும் கொஞ்சம் காணலாம், மூட்டை திறந்திருக்கும் இடங்களில்.

ஆனால் அது குறைந்ததற்குத் தானியம் இல்லாததே முழுக் காரணம் என்று நினைக்காதீர்கள். குஞ்சுக்கு முதல் நாட்களில் தானியம் கொடுக்காது, புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். வளவெல்லாம் சீமெந்து போட்டு மூடி, மிச்சம் இருக்கிற புல்லுக்கும் மருந்தடித்தால் அந்தப் பூச்சி எங்கே இருக்கும்? கூட்டுக்கும் இடம் வேண்டும். ஓட்டு வீட்டில் கூரைக்கும் சுவருக்கும் இடையில் சந்து இருந்தது. தட்டையான கொங்கிரீட் கூரையிலும் கண்ணாடிச் சுவரிலும் அது இல்லை. இந்த நாட்டில் பல வீடுகளில் விறாந்தையில் வாய் சிறுத்த மண் முட்டி கட்டித் தொங்கவிடுவார்கள், சிட்டுக்குருவி வந்து குடியேறும், வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று நம்பிக்கை. ஒரு கிண்ணம் தினையைவிட அந்த முட்டி நூறு மடங்கு உதவி. மழை படாத, பூனை ஏறாத, மதிய வெயில் நேரே விழாத இடமாகப் பார்த்துக் கட்டுங்கள்.

6 ஏப்ரல்

தண்ணீர். வெயில் உச்சிக்கு வரும் மாதம், எல்லோரும் கேட்பது இதுதான்.

தீனிக்கு நான் தயங்குவேன், தண்ணீருக்குத் தயங்க மாட்டேன். குடிக்கவும் குளிக்கவும் சுத்தமான தண்ணீர் நகரத்தில் உண்மையிலேயே குறைவு. தட்டுக்கு வராத குண்டுக்கரிச்சானும் தையல்காரக் குருவியும் தண்ணீருக்கு வரும். ஆழம் இரண்டு விரல் போதும், நடுவில் ஒரு கல், வழுக்காத மண் சட்டி.

ஆனால் டெங்கு. கொழும்பில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் தண்ணீர் வையுங்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2017 இல் இந்த நாட்டில் டெங்கு நோயாளர் 186,000 ஐத் தாண்டினார்கள், எங்கள் குடும்பத்திலும் அந்த வருடம் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தோம். டெங்கு நுளம்பு சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக இந்தச் சூட்டில் ஒரு வாரமோ பத்து நாளோ போதும். நிறையப் பேர் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி நிரப்பினால் சரி என்று நினைக்கிறார்கள். போதாது. முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தும்புத் தூரிகையால் சுவரைத் தேய்க்க வேண்டும். நான் காலையில் தண்ணீர் வைத்து மாலையில் கவிழ்த்துத் தேய்த்துவிட்டு வைப்பேன், இரவில் சட்டி குப்புறக் கிடக்கும். அப்படிச் செய்தால் டெங்கு பார்க்க பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தாலும் பயமில்லை, பறவைக்கும் தினமும் புதுத் தண்ணீர். வெளியூர் போகிற நாட்களில் கவிழ்த்துவிட்டுப் போங்கள். இதைச் செய்ய முடியாதவர்கள் தண்ணீர் வைக்கவே வேண்டாம்.

7 ஏப்ரல்

சீனித் தண்ணீர்க் குப்பி பற்றிக் கேட்டவருக்கு: அது அமெரிக்காவின் ஹம்மிங் குருவிக்கு. இங்கே அந்தப் பறவை இல்லை. எங்கள் தேன்சிட்டுக்கு ஒரு செவ்வரத்தை போதும், ஒரு வாழைப்பூ இன்னும் நல்லது. சீனித் தண்ணீர் இங்கே சில மணி நேரத்தில் புளித்து எறும்பு பிடிக்கும்.

21 ஏப்ரல்

வருடப் பிறப்புக்கு யாழ்ப்பாணம் போய்த் திரும்பியதால் தாமதம். இன்று செடி பற்றி எழுதுகிறேன்.

பல்கனியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியைக் கிள்ளிக் கிள்ளிச் சமைத்துவிடுகிறோம், பூக்கவே விடுவதில்லை. ஒரு கிளையையாவது பூக்க விடுங்கள். கறுப்பாகப் பழுத்ததும் கொண்டைக்குருவியும் குயிலும் வரும். வளவு உள்ளவர்கள் ஜாம் மரம் ஒன்று வைத்தால் குக்குறுவான், கொண்டைக்குருவி, மைனா, வெளவால், அணில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் வருடம் முழுக்கப் பழம். பப்பாசியில் மேலே எட்டாத ஒன்றிரண்டை விட்டுவையுங்கள். மாமரத்தில் குருவிச்சை பிடித்தால் உடனே முழுவதையும் வெட்டத் தேவையில்லை, மரம் தாங்குமென்றால் ஒரு பிடி இருக்கட்டும். இங்கே உள்ள மிகச் சின்னக் குருவிகளில் ஒன்றான மலர்க்கொத்தி அந்தப் பழத்தை நம்பி வாழ்கிறது. பெரிய இலை உள்ள சாடிச் செடி இருந்தால் தையல்காரக் குருவி இலையைத் தைத்துக் கூடு கட்டும், ஆறாம் மாடியில்கூடக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். செடி கொடுக்கும் சாப்பாடு ஒரே இடத்தில் குவிந்து கிடக்காது, கிளைக்குக் கிளை பரந்திருக்கும், எச்சிலும் எச்சமும் சேராது, காகங்களைக் கூட்டாது, பூச்சியையும் கூடவே தரும். நாங்கள் ஊருக்குப் போனாலும் அது நிற்கும். மருந்து மட்டும் அடிக்காதீர்கள். புழு அரித்த இலையைப் பார்த்துப் பதறாதீர்கள், அந்தப் புழு யாரோ ஒரு குஞ்சின் காலைச் சாப்பாடு.

22 ஏப்ரல்

பல்கனியைத் தாண்டியும் பார்க்க வேண்டும். 2018 இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்று அங்கீகரித்த முதல் நகரங்களில் கொழும்பும் ஒன்று. பெல்லன்வில-அத்திடிய 1990 இலிருந்து சரணாலயம். தலங்கம, பெத்தகான ஈரநிலங்களில் ஒரு காலை நடந்தால் காணும் பறவைகளைப் பல்கனித் தட்டு ஆயுள் முழுக்கக் காட்டாது. அந்தச் சதுப்பை மண் கொட்டி நிரப்பிவிட்டு வீட்டில் ஒரு கிண்ணம் தினை வைத்தால் கணக்குச் சரிவராது.

4 மே

அம்மாவைப் பற்றி எழுதுகிறேன் என்று முதல் நாளே சொன்னேன். கேள்வி கேட்ட பிள்ளை பிறகு தனியாக எழுதினது: அம்மா வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்த பிறகு வெளியில் அதிகம் போவதில்லை, முழங்கால் வருத்தம், பகலில் வீட்டில் வேறு யாரும் இல்லை, அந்தக் காகங்களோடும் அணிலோடும்தான் கதைப்பா.

இதை வாசித்த பிறகு நான் சில நாள் ஒன்றும் எழுதவில்லை. மேலே எழுதியது எல்லாம் பறவையின் பக்கம் நின்று எழுதியது, அதில் ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஊரில் வளவும் கிணறும் வேப்பமரமும் கோழியும் வைத்திருந்த ஒரு மனுஷிக்கு நாலாம் மாடியில் மிஞ்சியிருக்கும் ஒரே வளவு அந்தத் தட்டு. அதைப் பிடுங்கினால் பறவைக்கு ஒரு சின்ன நன்மை, அம்மாவுக்கு ஒரு பெரிய இழப்பு. பறவைகளைக் காக்க வேண்டும் என்று கதைக்கிற எங்களில் பலருக்கு அந்த ஆசை தொடங்கியதும் அம்மம்மா வைத்த இப்படி ஒரு சோற்று உருண்டையிலிருந்துதான். சென்னை ராயப்பேட்டையில் ஒருவர் தன் வீட்டு மாடியில் ஆயிரக்கணக்கான கிளிகளுக்கு வருடக்கணக்காக அரிசி வைத்தார், ஊரே போய்ப் பார்த்தது. அவ்வளவு கிளிகள் நெருங்கி ஒரே பலகையில் தின்பதைப் பார்க்க எனக்கு நோய்ப் பயம் வரும், ஆனால் அந்த மனிதரின் அன்பைச் சந்தேகிக்க முடியாது.

ஆகவே நிறுத்தாமல் மாற்றுங்கள். பிளாஸ்டிக் தட்டை எடுத்துவிட்டு, கழுவிக் காயவைக்கக்கூடிய இரண்டு சிறு கோப்பைகளை மாறி மாறிப் பாவியுங்கள். அம்மா பக்கத்தில் இருந்து பார்க்கும் நேரத்தில் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் மிஞ்சியதை உள்ளே எடுங்கள். சோற்றுக்குப் பதில் ஒரு துண்டு பழுத்த பப்பாசி அல்லது வாழைப்பழத்தைக் கம்பியில் குத்திவைத்தால் கொண்டைக்குருவியும் குக்குறுவானும் வர வாய்ப்பு இருக்கிறது. கோப்பையைச் சவர்க்காரத்தால் கழுவி, வாரத்துக்கு ஒருமுறை ஒரு பங்கு ப்ளீச்சும் ஒன்பது பங்கு தண்ணீரும் கலந்ததில் ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் முழுக்கக் காயவிடுங்கள். கண் வீங்கிய, இறகு சிலிர்த்து அசையாமல் இருக்கிற பறவை ஒன்றைக் கண்டால் இரண்டு வாரத்துக்கு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், அவை கலைந்து போகட்டும்.

25 மே

மழை தொடங்கிவிட்டது. எதுவும் காயாத மாதம். சோறும் தானியமும் இப்போது வேண்டாம். அம்மா கறிவேப்பிலையோடும் செவ்வரத்தையோடும் கதைக்கட்டும்.

27 செப்டம்பர்

புரட்டாதிச் சனி. காகத்துக்குச் சோறு வைப்பதும் இதுவும் ஒன்றா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார், விரதக்காரர்களைப் புண்படுத்தாமல் சொல்லுங்கள் என்று வேறு எழுதியிருக்கிறார்.

ஒன்றல்ல. எங்கள் வீட்டிலும் எள்ளெண்ணெய் எரித்து, படைத்து, வாழை இலைத் துண்டில் கொஞ்சம் எள்ளுச் சோறு வைத்து, கா கா என்று கூப்பிட்டு, அது தின்ற பிறகே நாங்கள் சாப்பிடுவோம். முன்னோரை நினைத்து வைப்பது. அளவு ஒரு பிடி, புதிதாகச் சமைத்தது, காகம் வந்து கண் முன்னால் எடுத்துப் போகும், இலையை எடுத்து எறிந்துவிடுவோம், அங்கே புளித்துக் கிடக்க ஒன்றும் மிஞ்சாது. நல்ல முறையில் தீனி வைப்பது எப்படி என்று நான் இவ்வளவு நாளாக எழுதியதெல்லாம் அந்தச் சடங்கில் முன்பே இருக்கிறது. மிச்சச் சோற்றுப் பானையை அப்படியே கூரையில் கவிழ்ப்பதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சுற்றில் கூடு ஏதாவது இருந்தால் அந்த வாரம் மட்டும் மொட்டை மாடிக்குப் போய் வையுங்கள்.

5 ஒக்டோபர்

கண்ணாடி பற்றி இவ்வளவு நாள் எழுதவில்லை. கோப்பையோ தண்ணீர்ச் சட்டியோ யன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் வைத்தால் திடுக்கிட்டு எழும்பும் பறவை முழு வேகத்தில் கண்ணாடியில் மோதும். பல்கனி சிறியது என்பதால் யன்னலோடு ஒட்டி வைப்பதே எங்களுக்கு வசதி. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கை அகல இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகளோ நூல்களோ இருந்தால் மோதுவது குறையும். ஒரு பருந்துப் படம் மட்டும் ஒட்டிப் பயனில்லை.

இப்போது இதைச் சொல்வதற்குக் காரணம், ஆறுமணிக் குருவி இந்தியாவிலிருந்து வரும் காலம் இது. இரவில் பறந்து களைத்து வந்து விடியற்காலையில் கொழும்புக் கண்ணாடிகளில் மோதும். பச்சை முதுகும் நீலத் தோளும் அடிவயிற்றில் சிவப்பும் உள்ள ஒரு குருவி வாசலில் மயங்கிக் கிடந்தால் அதுதான். துவாயால் மெதுவாக மூடித் தூக்கி, துளையிட்ட கடதாசிப் பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். வாயில் தண்ணீரும் சோறும் திணிக்காதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். எழும்பி நின்று பெட்டியைத் தட்டத் தொடங்கினால் மரம் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து விடுங்கள். சிறகு தொங்கினால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.